சூடு பார்க்கிற சாமான்

ஏனுங்க்கா, வண்டியைச் சர்வீஸுக்கு உள்ளே விட்டுட்டு இப்படிக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கீங்களே, உங்களுக்குப் பயமா இல்லையா?

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் கேக்கறேன். இந்தப் பக்கம் வந்துடுங்க, இங்கிருந்து பார்த்தா எல்லாம் தெரியும். மௌனிகா, காலை மடக்கு. பெரியம்மா உக்காரட்டும். பேர்தான் மௌனிகா, வாய் மூடாது. இப்பத்தான் பிஸ்கட் இருக்கிறதால சத்தமில்லை.

அதோ, தூணுக்குப் பக்கத்தில் கறுப்பா ஒண்ணு நிக்குதே, அதுதான் எங்க வண்டி. எங்க வண்டின்னா எங்க முதலாளி வண்டி. பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில் வெச்சிருக்கார். என் வீட்டுக்காரர் அவருக்கு டிரைவர். நான் அதே வீட்டில் சமையல், பெருக்கல், துணி எல்லாம். பின்னாடி தென்னந்தோப்பு ஓரமா ஒரு ஓட்டு வீடு குடுத்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் வேலை, இருக்க வீடு, பிள்ளை விளையாட நிழல். குறை சொல்ல ஒண்ணும் இல்லை. அதாவது, போன மாசி வரைக்கும் இல்லை.

வாசல்ல செக்யூரிட்டி கேட்டார், "நீங்க யாரும்மா?"ன்னு. "வண்டிக்காரங்க"ன்னேன். பொய்யா? வண்டியில்தானே வந்தேன்! அவர் இந்தக் குளிர் ரூமைக் காட்டிட்டார். மாமாதான், அதான் என் வீட்டுக்காரர், வெக்கப்பட்டுக்கிட்டு வெளியே டீக்கடையில் மத்த டிரைவர்களோட நிக்கறார். "நீ எதுக்குடி அங்க போய் உக்கார்ற? டிரைவருங்க உக்கார்ற இடம் தனியா இருக்குது"ன்னார். "அங்க உக்காந்தா கண்ணாடி தெரியுமா? நான் கண்ணாடியைப் பார்க்கத்தான் வந்தேன்"னு சொல்லிட்டேன்.

ஆமாங்க, பார்க்கத்தான் வந்தேன். எங்க அம்மா, முதலாளி வீட்டம்மா, அவங்கதான் அனுப்பினாங்க. "கோகிலா, ஆம்பளைங்களை நம்ப முடியாது. நீ போய்க் கண்ணு கொட்டாம உக்காந்து பாரு. புது சாமானைத்தான் மாட்டறாங்களான்னு பாரு. பழசைக் கையோட வாங்கிட்டு வா"ன்னாங்க. அம்மா சொல்லாட்டியும் நான் வந்திருப்பேன். எங்க பொழைப்பே இப்ப அந்தச் சாமான்லதான் தொங்குது.

என்ன சாமானா? சென்சாராம்க்கா. வண்டிக்குள்ளே எவ்வளவு சூடு இருக்குன்னு பார்த்துச் சொல்ற சாமான். நீங்க காருக்குள்ளே உக்காந்திருக்கீங்க, சூடா இருக்குன்னா அது போய் ஏசிகிட்டச் சொல்லும், ஏசி வேகமா ஊதும். போதும்னா போதும்னு சொல்லும், ஏசி அடங்கும். அந்தச் சாமான் பொய் சொன்னா ஏசி என்ன பண்ணும் பாவம்? நம்ம வீட்டில் கோள் சொல்றவங்க பேச்சைக் கேட்டு மாமியார் ஆடற மாதிரி ஆடும். எங்க வண்டியில் அதுதான் நடந்தது.

மாசியில் ஒரு நாள் அம்மாவும் ஐயாவும் உடுமலைக்கு ஒரு வளைகாப்புக்குப் போனாங்க. போயிட்டு வந்து இறங்கும்போது அம்மாவுக்குப் பல்லு கிட்டித்துப் போச்சு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது, இவங்க பட்டுப்புடவைத் தலைப்பைக் காதைச் சுத்திப் போத்திக்கிட்டு இறங்கறாங்க. வண்டியில் இருபத்தி நாலுன்னு எழுத்துக் காட்டுதாம், ஊதறதோ ஐஸ் ஃபேக்டரி காத்து. கூட்டி வெச்சாலும் அதேதான், குறைச்சு வெச்சாலும் அதேதான். ஒரு நாள் நல்லா இருக்கும். மறுநாள் மறுபடி.

ஐயா உடனே என்ன சொன்னார் தெரியுமா? என் வீட்டுக்காரரைப் போர்டிகோவில் நிக்க வெச்சுக் கேட்டார்.

"ஏம்ப்பா நவநீதா, கல்யாண மண்டபத்துல நாங்க உள்ள இருக்கறப்ப நீ வண்டியில ஏசியைப் போட்டுட்டுத் தூங்கறியா?"

"இல்லீங்கய்யா. மரத்தடியில நிப்பேனுங்க."

"அப்பறம் எப்படிப்பா கெடும்? போன ஆவணியில வாங்குன வண்டி. நீ எதையோ நோண்டியிருக்கற."

"சத்தியமா இல்லீங்கய்யா."

"சத்தியம் பண்றவனைத்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன்"னுட்டு உள்ளே போயிட்டார்.

மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாம உக்காந்திருந்தார். எனக்கு மனசு கேக்கலை. ஆனா அக்கா, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. கட்டினவளுக்கு வரக்கூடாதா? அடுத்த தடவை அவர் ஒரு கல்யாணத்துக்கு ஓட்டிட்டுப் போய்த் திரும்பி வந்ததும் சட்டையை வாங்கி மோந்து பார்த்தேன். ஏசியில் தூங்கினவன் சட்டை இப்படி நாறுமா? கழுத்துப் பட்டியில் உப்புப் பூத்துக் கிடந்தது. சரி, இவர் இல்லை. அன்னையோட அவரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துட்டேன்.

"எதுக்குடி சட்டையை மோந்து பாத்தே?"

"துவைக்கலாமான்னு பாத்தேன் மாமா."

அப்புறம் பொள்ளாச்சியில் ஒரு ஏசி மெக்கானிக் வந்து காஸ் அடிச்சார். வேலை செய்யறப்போ நானும் பக்கத்திலேயே நின்னேன். அந்த ஆள் என்னைப் பார்த்து, "என்னம்மா, படிக்கறியா?"ன்னார். "உங்க கையைத்தான் படிச்சிட்டிருக்கேன்"னேன். அதுக்கப்புறம் குளிர் இன்னும் கூடிப்போச்சு! முன்னாடி அம்மாவுக்கு மட்டும் நடுக்கம், இப்ப ஐயாவுக்கும். ஐயா மூக்கு ஒழுகிட்டே மில்லுக்குப் போறார்.

நான் அந்த வண்டியை எப்படிப் பார்த்துக்கறேன்னு தெரிஞ்சா இப்படிப் பேசுவாரா? மாமா வெளியே கழுவுவார், உள்ளே எல்லாம் நான்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சீட்டைத் துடைச்சு, மிதியடியை உதறி, சாம்பிராணி காட்டி, பூ வெச்சு, பொட்டு வெச்சு. எங்க ஊரில் மிக்ஸி வாங்கினாலும் தண்ணி மோட்டார் வாங்கினாலும் பொட்டு வெச்சப்புறம்தான் சுவிட்சைப் போடுவோம். எங்கப்பா செல்போனுக்கே வெச்சார். அப்படி இருக்க, இவ்வளவு பெரிய வண்டி, தினம் ஐயாவும் அம்மாவும் உயிரை வெச்சுப் போற வண்டி, அதை மூளியா விடலாமா?

முதலில் ஸ்டியரிங் நடுவில்தான் வெச்சிட்டிருந்தேன். பொங்கல் சமயத்தில் ஐயாவே ஒரு நாள் வண்டியை எடுத்துட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். வெள்ளைச் சட்டை, வயித்தில் சரியா வட்டமா குங்குமம். அங்கே ஒருத்தர், "என்னங்க, உங்களுக்குமா நலுங்கு வெச்சாங்க?"ன்னு கேட்டுட்டாராம். வந்து ஒரே சத்தம். அம்மாதான் என்னைக் கூப்பிட்டு, "சாமி காரியத்தை விட வேண்டாம். யார் மேலேயும் ஒட்டாத இடமாப் பார்த்து வை"ன்னாங்க.

நானும் தேடினேன். கண்ணாடியில் வெச்சா மறைக்கும். கதவில் வெச்சா கை படும். கடைசியில் ஸ்டியரிங்குக்குக் கொஞ்சம் தள்ளி, ஏசி பொத்தானெல்லாம் இருக்கிற முன்பலகை நடுவில், சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. சல்லடை மாதிரி பொடிப் பொடி ஓட்டை போட்டு, அழகுக்கு வெச்சிருந்தாங்க. யார் கையும் படாது. பார்த்தா நெத்தி மாதிரியே இருக்கும். பொட்டுக்குன்னே செஞ்ச மாதிரி! அன்னைக்கு இருந்து அங்கேதான். சந்தனத்தைப் பன்னீரில் குழைச்சு ஒரு வட்டம், நடுவில் குங்குமம். அடுத்த வெள்ளி பழசை ஈரத்துணியில் நல்லா அழுத்தித் துடைச்சுட்டுப் புதுசு. ஒரு வாரம் தவறினதில்லை.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? காபி ஆறிடப் போகுது, குடிங்க. எனக்கு அந்த மெஷின் காபி பிடிக்கலை. பொத்தானை அமுக்கினா பால் வருது, எந்த மாட்டுப் பாலோ. நான் பாட்டிலில் தண்ணி கொண்டு வந்திருக்கேன்.

எங்கே விட்டேன்? ஆங், வண்டியைக் கெடுத்த ஆளு. ஆளு யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சென்னியப்பன்னு ஒரு ஆக்டிங் டிரைவர். நிரந்தரமா எங்கேயும் வேலை இல்லை, யாராவது டிரைவர் லீவுன்னா அன்னைக்குக் கூப்பிடுவாங்க. தை கடைசியில் இவளுக்குக் காது குத்தினோம். மாமா லீவு போட்டார், சென்னியப்பன் வந்து ஓட்டினார். அதுக்கு அடுத்த மாசம்தான் வண்டி இப்படி ஆச்சு. கணக்கு சரியா வருதா இல்லையா?

ஆளைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. நெத்தி நிறைய மூணு பட்டை திருநீறு, நடுவில் சந்தனம். மெதுவாப் பேசுவார். வரும்போதெல்லாம் இவளுக்குப் பொரி வாங்கிட்டு வருவார். "எதுக்குங்கண்ணா இதெல்லாம்?"னு கேட்டா, "எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குது தங்கச்சி, வெறுங்கையோட வர மனசு வரலை"ம்பார். நானும் முதலில் பாவம்னு நினைச்சேன். அப்புறம் யோசிச்சேன். எதுக்கு ஒரு ஆள் அடுத்தவன் பிள்ளைக்குப் பொரி வாங்கணும்? வீட்டை நோட்டம் பார்க்கத்தானே? ஒரு நாள் எங்க வீட்டு வாசலில் நின்னு, "நல்லா காத்து வருது தங்கச்சி இந்த வீட்டுக்கு"ன்னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. காத்து வருதாமே. இவருக்கு எதுக்கு எங்க காத்து?

ஐயாகிட்ட அவர் என்ன சொன்னார்ங்கறதையும் கேளுங்க. அம்மா சொன்னாங்க. "ஏசியில் ஏதோ அடைப்பு மாதிரி தெரியுதுங்கய்யா, கம்பெனியில காட்டிடுங்க"ன்னாராம். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதது இவருக்கு எப்படித் தெரியும்? அடைச்சவனுக்குத்தானே அடைப்புத் தெரியும்?

பிடிச்சே ஆகணும்னு முடிவு பண்ணினேன். பங்குனியில் மாமாவுக்குக் காய்ச்சல், சென்னியப்பன்தான் வர்றதா இருந்தது. அன்னைக்கு விடிஞ்சதும் நான் போய் ஒரு வேலை செய்தேன். கோயில் திருநீறு இருந்தது, மாவு மாதிரி நைசா. ஏசி பொத்தான்கள் மேலே, அதைச் சுத்தி, அந்தப் பலகை பூரா லேசாத் தூவி விட்டேன். பார்த்தாத் தெரியாது, தொட்டாத் தெரியும். விரல் பட்ட இடம் அழிஞ்சிருக்குமில்ல? திருடனைப் பிடிக்க டிவியில் காட்டறாங்களே, அந்த மாதிரி. மாமா போர்வைக்குள்ளே இருந்து, "உனக்கு எதுக்குடி இந்த வேலை?"ன்னார். "நீங்க காய்ச்சலைப் பாருங்க மாமா, நான் திருடனைப் பாக்கறேன்"னேன்.

சாயங்காலம் வண்டி வந்தது. நான் துணியை எடுத்துட்டுத் துடைக்கிற மாதிரி போய்ப் பார்த்தேன். பொத்தான் மேலே தூவினது தூவின மாதிரியே இருக்கு. விரல் படலை. அட, தப்பாச் சந்தேகப்பட்டுட்டோமான்னு நினைச்சேன். அப்புறம் பார்க்கறேன் அக்கா, என் பொட்டைச் சுத்தி, அந்தச் சல்லடை வட்டத்து மேலே மட்டும், திருநீறு சுத்தமாக் காணோம்! பக்கத்தில் எல்லாம் இருக்கு, அங்கே மட்டும் யாரோ உறிஞ்சி எடுத்த மாதிரி இல்லை. பொட்டுக்கூட ஒரு ஓரம் விண்டுபோய்க் கிடந்தது.

வெளியே வந்து பார்த்தா சென்னியப்பன் குழாயில் கை கழுவறார். நெத்தியில் மூணு பட்டை!

"திருநீறு எங்க வெச்சீங்கண்ணா?"ன்னு சும்மா கேக்கற மாதிரி கேட்டேன்.

"காலையில குளிச்சிட்டு வீட்டுல வெச்சதுங்க தங்கச்சி. ஏனுங்?"

"இல்ல, கலையாம இருக்குதேன்னு கேட்டேன்."

"அது முருகன் புண்ணியமுங்க"ன்னு சிரிச்சார். எப்படிச் சிரிப்பு வருதுன்னு பாருங்க. காலையில் வெச்சது சாயங்காலம் வரைக்கும் அப்படியே பளிச்சுன்னு இருக்குமா? வண்டியில் இருந்து எடுத்து வெச்சதுதானே?

அம்மாகிட்டச் சொன்னேன். "திருநீறைத் திருடறவன் வேற எதைத் திருடுவானோ"ன்னாங்க. ஐயாகிட்டச் சொன்னப்போ, "ஆதாரம் இல்லாமப் பேசாதே"ன்னுட்டார். அவருக்கு இன்னும் எங்க மேலேதான் கண்ணு. போன வாரம் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முடிவாச் சொல்லிட்டார். நானும் கதவோரம் நின்னு கேட்டுட்டிருந்தேன்.

"இங்க பாரு நவநீதா. கோயமுத்தூர் கம்பெனிக்குப் பேசிட்டேன். சென்சார் போயிருக்கும், மாத்திரலாம்கறாங்க. மாத்திக்க. ஆனா ஒண்ணு. புதுசு மாட்டினதுக்கப்பறமும் இதே கதை வந்துச்சுன்னா, சாமான் மேல தப்பில்ல, ஆளு மேலதான் தப்பு. சாவியைச் சென்னியப்பன் கையில குடுத்துட்டு நீ வேற எடம் பாத்துக்க."

"வீடுங்கய்யா?"ன்னார் மாமா.

"வீடு டிரைவருக்குத்தானப்பா?"

அவ்வளவுதான் அக்கா. பிள்ளையை ஆனியில் பக்கத்து நர்சரியில் சேர்க்கலாம்னு இருக்கோம். பையும் தண்ணி பாட்டிலும் வாங்கியாச்சு, இவ இப்பவே அதை மாட்டிக்கிட்டுத் தோப்பைச் சுத்தறா. இப்பப் போய் எந்த ஊரில் வீடு தேடறது? மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். இன்னைக்கு வர்ற வழியெல்லாம், "புதுசும் கெட்டுப்போச்சுன்னா என்னடி பண்றது, கோகிலா?"ன்னு இதையே கேட்டுட்டு வந்தார். "கெடாது. நான் இருக்கேன்ல"ன்னு சொல்லியிருக்கேன்.

இன்னைக்கு நடந்ததைக் கேளுங்க. கொஞ்ச நேரம் முன்னாடி, நீங்க வர்றதுக்குள்ளே, எங்க வண்டியைப் பிரிச்சு வேலை பார்க்கற அந்த நீலச் சட்டைப் பொண்ணு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டுச்சு. இந்தக் கதவு வரைக்கும் வந்துச்சு. கையில் ஒரு சாமான். நம்ம பிள்ளைங்க வெச்சிருக்கிற அழிரப்பர் அளவு கூட இல்லை, பின்னாடி ரெண்டு ஒயரு, உள்ளே கடுகு மாதிரி ஒரு குமிழ், கூடவே துளியூண்டு ஃபேன். இதுதான் ஐயாவையும் அம்மாவையும் நடுங்க வெச்சதாம்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"அக்கா, இது தானாக் கெட்டுப் போகலை"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "அப்படிச் சொல்லு கண்ணு!"ன்னேன்.

"இந்த ஃபேன் வண்டிக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி இது மேல விடும். அப்பத்தான் சூடு தெரியும். காத்துப் போற வழி பூரா ஏதோ பசை மாதிரி காய்ஞ்சு அடைச்சிருக்கு. ஃபேனும் பொடி ஏறி நின்னு போச்சு. காத்து வராததால உள்ள இருக்கிற சூட்டையே பாத்துட்டு, வண்டியே சூடா இருக்குன்னு நினைச்சு ஏசியை ஓட்டியிருக்கு. யாராவது இது மேல எதையாவது கொட்டுனீங்களா?"

"கொட்டறதா? எங்க வண்டியில் நாங்க தண்ணி கூடக் குடிக்க மாட்டோம் கண்ணு. நான் வாராவாரம் துடைக்கிற வண்டி அது."

"ஜூஸ், கிரீம், அந்த மாதிரி?"

"ஐயையோ, இல்லவே இல்லை."

அந்தப் பொண்ணு சுரண்டிக் காட்டுச்சு. மஞ்சளா, கட்டி கட்டியா உதிர்ந்தது, அதுக்குள்ளே சாம்பல் மாதிரி பொடி. நான் சும்மா விடுவேனா? வாங்கி மோந்து பார்த்தேன்.

சந்தனம்!

சந்தன வாசம் அக்கா! கூடவே திருநீறு வாசம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? அந்த வீட்டில் நெத்தியில் சந்தனமும் திருநீறுமா வர்ற ஆள் யாரு? ஐயா வெக்க மாட்டார், வேர்த்தா அரிக்கும்னு சொல்வார். மாமா கோயிலுக்குப் போனா மட்டும்தான். வேற யாரு? நினைச்சுப் பாருங்க, நெத்தியில் இருக்கிற சந்தனத்தை வழிச்சு, யாரும் பார்க்காதப்போ உள்ளே விட்டுத் திணிச்சிருக்கான் அந்த மனுஷன். சாமி சந்தனத்தை வெச்சு ஒரு குடும்பத்தைக் கெடுக்க எப்படி மனசு வரும்? முருகன் புண்ணியமாம், முருகன் புண்ணியம்.

அந்தப் பொண்ணு பாவம், சின்னப் பிள்ளை, அதுக்கு இந்தச் சூதெல்லாம் எங்கே தெரியும்? "இனிமே இது மேல எதுவும் படாமப் பாத்துக்கச் சொல்லுங்கக்கா உங்க டிரைவர்கிட்ட"ன்னுச்சு. "டிரைவர்கிட்ட எதுக்குக் கண்ணு, நானே பாத்துக்கறேன். ஒரு பய கையும் இனி படாது"ன்னேன். அது வேற என்னமோ சொல்ல வாயெடுத்துச்சு, அதுக்குள்ளே உள்ளே இருந்து கூப்பிட்டாங்க, ஓடிடுச்சு. பழைய சாமானைக் கேட்டு வாங்கிட்டேன். இதோ, பையில், கவரில் முடிஞ்சு வெச்சிருக்கேன். தொடாதீங்க, உதிர்ந்துடும். உள்ளே இருக்கிற மஞ்சள் தெரியுதா? ஐயா கையில் அப்படியே குடுக்கப் போறேன். "மோந்து பாருங்கய்யா"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லப் போறேன். அதுக்கப்புறம் சென்னியப்பன் எங்க கேட்டுக்குள்ளே எப்படிக் கால் வெக்கறார்னு பார்க்கலாம்.

பாவமா இருக்குங்கறீங்களா? ரெண்டு பொட்டப்பிள்ளைங்க இருக்குதுதான். எனக்கு மட்டும் பிள்ளை இல்லையா? எனக்கும் அந்தப் பொரியை நினைச்சா ஒரு மாதிரி இருக்கு. இவ வேற, "பொரி மாமா எப்ப வருவாங்க?"ன்னு கேட்டுட்டே இருக்கா. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. அப்போ இருந்து பார்க்கறேன், வாயைத் திறக்கறீங்க, மூடறீங்க. சொல்லுங்க. நானே பேசிட்டிருக்கேன்னு மாமா எப்பவும் திட்டுவார்... இருங்க இருங்க, அங்கே பாருங்க, வண்டி விளக்கு எரியுது! அந்தப் பொண்ணு கட்டை விரலைக் காட்டுது. ஆச்சு! மாட்டியாச்சு! மௌனிகா, பாரு, நம்ம வண்டி சரியாயிடுச்சு!

டீக்கடைப் பக்கம் பாருங்க, மாமா ஓடி வர்றார். ஐயாவுக்குப் போன் போடறார் போல. உள்ளே ஏறி உக்காந்துட்டார். ஏசியைப் போட்டுக் கையை வெச்சுப் பார்க்கறார். சிரிக்கறார் அக்கா! மாசிக்கப்புறம் இன்னைக்குத்தான் அந்த முகத்தில் பல்லைப் பார்க்கறேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எனக்கு இங்கிருந்தே தெரியுது, கதவு திறந்திருக்குல்ல. அந்த வட்டம் இருக்கே, நான் பொட்டு வெக்கிற வட்டம், அதைத் துடைச்சு வெச்சிருக்காங்க. புதுச் சல்லடையே போட்டிருப்பாங்க போல, மின்னுது. பாருங்க இவங்க வேலையை. சென்சாரை மாத்தச் சொன்னா, சாமி பொட்டை எதுக்குத் துடைக்கணும்? புதுச் சாமான் மாட்டின வண்டி, வெள்ளிக்கிழமை அதுவுமா, மூளியாவா ரோட்டில் இறங்கறது? இதனாலதான் கண்ணு படுது, கெட்டுப் போகுது.

நல்ல வேளை, நான் எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டு வந்தேன். இதோ, சந்தனப் பொட்டலம். இந்தப் பாட்டில் தண்ணி ரெண்டு சொட்டு விட்டுக் குழைச்சாப் போதும். இந்தத் தடவை கொஞ்சம் கெட்டியா, உதிராத மாதிரி, நல்லா அழுத்தி வெச்சுடப் போறேன். அப்பத்தான் எவன் வந்து கை வெச்சாலும் தெரியும்.

ஏன் எழுந்திருக்கறீங்க? உக்காருங்க, உங்க வண்டியை இன்னும் கூப்பிடலையே. அக்கா, என் கையை விடுங்க, அவங்க கதவைச் சாத்திடப் போறாங்க. ஒரே ஒரு நிமிஷம், இவளை மட்டும் மடியில் பிடிச்சுக்கங்க, நான் ஓடிப்போய் அந்தப் பொட்டை வெச்சுட்டு வந்துடறேன்.